கழுவுபவரை மாற்றுக

போன வாரம் கினிகத்தேனையில் பஸ் நின்றுவிட்டது. டிரைவர் அடியில் படுத்துக்கொண்டு, "அந்த வாஷர எடுடா!" என்று கத்தினான். மற்றவர்கள் தேத்தண்ணி குடிக்க இறங்கிப் போனார்கள். நான் மட்டும் சீட்டை விட்டு எழும்பவில்லை. ஒரு சின்ன வளையத்துக்குப் பயப்படுகிற ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

சூடான எஞ்சின் எண்ணெயின் வாடை வந்தாலே பூண்டுலோயாப் பக்கத்து எங்கள் தோட்டத்தின் லாரிக் கொட்டகை கண்முன் வந்துவிடும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். ஆபீசில் சின்னக் கிளார்க்காகச் சேர்ந்து நாலு மாதம். எங்கள் குடும்பத்தில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பா மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுபவர். நாங்கள் குடியிருந்த லயத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும், "எம் மவன்கிட்ட குடுங்க, அவன் இங்கிலீசே படிப்பான்" என்பார். வந்த கடிதம் தமிழில்தான் இருக்கும்.

தேயிலைப் பெட்டிகளைத் தலவாக்கலை ஸ்டேஷனுக்கு ஏற்றிப்போகும் லாரி ரொம்பப் பழசு. அதை ஓட்டியவர் காசிம் நானா. கழுவித் துடைத்தவர் மாரிமுத்து அண்ணன். நெஞ்சுச்சளி முற்றி, மலை ஏற முடியாமல் போனதால் அந்த வேலைக்கு வந்தவர். அந்த வருஷம் லாரியின் அடியில் எண்ணெய் சொட்டத் தொடங்கியது. காசிம் நானா சவுக்காரத்தை அப்பிப் பார்த்தார். நிற்கவில்லை. தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும் இல்லையா, ஒழுகுகிற லாரியில் ஒரு பெட்டிகூட ஏற்ற முடியாது என்று ஃபெக்டரியில் சொல்லிவிட்டார்கள். துரை கொழும்பில். பெரிய கிளார்க் காய்ச்சலில். லாரியோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தைப் படிக்க மிஞ்சியது நான் ஒருவன்.

ஆட்களுக்கு வேலை பிரிக்கும் கணக்கப்பிள்ளையும் வந்து நின்றார். எனக்கு வேர்த்தது. ஆங்கிலத்தில் வாசித்தால் இவர்களுக்கு விளங்காதே என்று, வாய்க்குள் படித்து நல்ல தமிழில் சொன்னேன்: "எண்ணெய் ஒழுகினால், தேய்ந்துபோன கழுவுபவரை அகற்றிவிட்டுப் புதியவரை அமர்த்துக."

"கழுவுறவனா?" என்றார் கணக்கப்பிள்ளை. "பொஸ்தகமே சொல்லுதா? டேய் மாரிமுத்து, தண்ணிய எங்கெங்கடா அடிச்சே? நாளைக்குப் பெரட்டுக்கு வந்துரு. மலைக்குப் போ."

மாரிமுத்து அண்ணன் என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் விடியற்காலை, ஆள் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்பும் பெரட்டில், கவ்வாத்துக் கத்தியோடு அவர் என் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று இருமினார். அவரை மாற்றியாயிற்று, லாரி மட்டும் சொட்டிக்கொண்டே இருந்தது. கொட்டகைக்குப் போய் அந்தப் பக்கத்தை மறுபடி விரித்தேன். நான் 'கழுவுபவர்' என்று சொன்ன சொல்லுக்கு முன்னால் 'செம்பு' என்று பொருள்படும் ஒரு சொல் இருந்தது. முதல் நாள் அவசரத்தில் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். செம்பில் செய்த ஆள் ஏது? வரியை அப்படியே ஆங்கிலத்தில் உரக்கப் படித்தேன்.

எஞ்சினுக்கு அடியிலிருந்து காசிம் நானாவின் தலை வெளியே வந்தது. "என்ன சொன்னீங்க? வாசரா? அட அல்லாவே! எண்ணெய்ச் சட்டி வெடிச்சிருச்சின்னுல்ல பயந்துகிட்டிருந்தேன். இங்கிலீசுலயே படிச்சிருந்தா நேத்தே வெளங்கியிருக்குமே தம்பி!"

சட்டியடி மூடியைக் கழற்றி, அதிலிருந்த செம்பு வளையத்தைக் காட்டினார். ஃபெக்டரி அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, தண்ணீரில் போட்டு இளக்கி மாட்டினார். சொட்டு நின்றது. என் வேர்வைதான் நிற்கவில்லை. மலையில் போய்ச் சொல்லியாக வேண்டுமே, அதுவும் அப்பா வெட்டும் செடி நிரையில்.

ஏறிப் போனேன். நிரையோரம் நின்ற கணக்கப்பிள்ளையிடம் மூச்சு வாங்கச் சொன்னேன்: "அது ஆள் இல்லீங்க, வளையம். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

"அப்ப பொஸ்தகம் பொய்யா?" என்றார்.

"பொஸ்தகம் சரிங்க. எனக்குத்தான் அந்த வார்த்தை தெரியலை."

நிரை முழுவதும் சிரித்தது. "இங்கிலீசு தொரை எறங்கி வந்துட்டாரு டோய்!" என்றான் ஒருவன். அப்பா மட்டும் நிமிரவில்லை. வெட்டின செடியையே திரும்ப வெட்டிக்கொண்டிருந்தார். மாரிமுத்து அண்ணன் கத்தியைத் துடைத்து என்னிடம் நீட்டினார். "தேஞ்சுதான் போயிருக்கேன் தம்பி. பொஸ்தகம் அதுல பொய் சொல்லலை."

அவர் கொட்டகைக்குத் திரும்பினார். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அந்த வேலையில் இருந்திருப்பார். பின்னர் தோட்டம் அந்த லாரியை விற்றுவிட்டு, டவுனிலிருந்து வாடகை லாரி அமர்த்தியது. அது கழுவித் துடைத்தே வந்தது, ஒரு சொட்டும் ஒழுகவில்லை. காசிம் நானா கொத்மலைப் பக்கம் போய்விட்டார். மாரிமுத்து அண்ணனைக் கணக்கப்பிள்ளை மறுபடி பெரட்டுக்கு அழைத்தார். இந்தத் தடவை மலைக்கு ஓடிப் போய்ச் சொல்ல என்னிடம் பிழை எதுவும் இல்லை. அடுத்த மழைக்காலத்தை அவர் தாண்டவில்லை. கொட்டகையில் இப்போது உர மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். ஆட்களின் பெயர்ப் பட்டியலை நான்தான் எழுதுகிறேன். லாரி கழுவுபவர் என்று ஒரு வரி அதில் இல்லை.