மாமாவின் வாயைத் திறந்த மாரியாத்தா

அன்று மாலை என் மாமனார் என் கண்ணெதிரிலேயே போய்விடுவார் என்று நினைத்தேன்.

அவருக்கு எழுபத்தாறு வயது. போன ஆடி மாதம் ஓசூரில் குடலிறக்க ஆபரேஷன். காலை ஏழு மணிக்கு உள்ளே போனவரை மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "ஒண்ணுக்குப் போயிட்டீங்களா தாத்தா?" என்று நர்ஸ் கேட்டதற்கு, "ஆச்சும்மா" என்றார். என் கணவர் எங்களை வாடகைக் காரில் ஏற்றிவிட்டு இரண்டாவது ஷிப்டுக்குப் போய்விட்டார். அவர் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது.

அஞ்செட்டியைத் தாண்டி எங்கள் ஊர். வந்ததும், மயக்க மருந்தின் சூடு தணியட்டும் என்று இளநீர் கொடுத்தேன். பிறகு மோர். மறுபடியும் இளநீர். ஐந்து மணிக்கு மாமா புரள ஆரம்பித்தார். நெற்றியெல்லாம் வியர்வை. அடிவயிறு கல்லாக இருந்தது. உள்ளே தையல் பிரிந்துவிட்டது என்றே நினைத்தேன். "எங்க வலிக்குது மாமா?" என்று கேட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஆம்புலன்ஸைக் கூப்பிட சிக்னல் இல்லை. மகன் இல்லாத நேரத்தில் என் கையில் இவர் உயிர் போனால் நான் என்ன பதில் சொல்வேன்?

சாமி படத்தின் முன் விழுந்தேன். "மாரியாத்தா, எனக்கு ஒண்ணுமே புரியல. அவரு வாயையாவது தொறந்து உடு" என்று அழுதேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

எழுந்து வந்தபோது மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலைலருந்து ஒண்ணுக்குப் போவலம்மா. நர்ஸு கிட்ட பொய் சொல்லிட்டேன். நீ பக்கத்துல நிக்கற. மருமவ எதுர்ல இதப் போயி எப்பிடிச் சொல்றது?"

நான் கொடுத்த இளநீர் அத்தனையும் உள்ளேயே நின்றிருந்தது. தெருவுக்கு ஓடினேன். பால் வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. டிரைவர் கேன்களை இறக்கி வைத்துவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டார். அரசு ஆஸ்பத்திரியில் சிறுநீர் இறங்கக் குழாய் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மாமாவின் முகம் தெளிந்தது. "அவரு சொல்லலன்னா நீ கேக்கணும்மா" என்றார் அங்கிருந்த நர்ஸ். கேட்டிருக்க வேண்டும்தான். எனக்கும் கூச்சம்.

அந்தக் கூச்சத்தை ஆத்தா அன்றோடு எங்கள் இருவரிடமிருந்தும் எடுத்துவிட்டாள். வயதானவர்களை வீட்டில் வைத்துக்கொண்டு தவிப்பவர்களே, அவளைக் கூப்பிடுங்கள், கைவிடமாட்டாள். கூப்பிட்ட கையோடு, பெரியவர்களிடம் வாய்விட்டுக் கேட்டும் விடுங்கள்.

இப்போது வாசலில் நாலு பேர் உட்கார்ந்திருந்தாலும், மாமா கொல்லையிலிருந்து வரும்போதே "போயிட்டேம்மா" என்று உரக்கச் சொல்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் அடுப்படியில் நின்று கும்பிட்டுக்கொள்கிறேன்.