நெல் போட்ட பிறகு வாருங்கள்

பர்வதத்தின் முழங்கால் அறுவை சிகிச்சை இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது. முதல் முறை, வீட்டில் இருந்த மூன்று நாய்க்குட்டிகளுக்குக் கழிச்சல் கண்டுவிட்டது. இரண்டாம் முறை சேமியா என்ற நாய் வந்து சேர்ந்தது. இப்போது மூன்றாவது தேதி, பிப்ரவரி பதினாறு. தஞ்சாவூர் டாக்டர் இந்த முறை சிரிக்காமல் சொன்னார், "இன்னும் தள்ளுனீங்கன்னா அந்தக் காலோட நீங்களே பேசித் தீத்துக்குங்க."

அவளுக்கு ஐம்பத்தேழு வயது. கும்பகோணத்தில் ஒரு சந்துக்குள் வாடகை வீடு, முன் அறையில் தையல் மெஷின். பட்டு ஜாக்கெட் தைக்க அவளை விட்டால் ஆளில்லை என்று சொல்கிற அதே பெண்கள்தான், ஜாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நாய் முடி ஒட்டியிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். புருஷன் போன துக்கத்தில் நாய் வளர்க்க ஆரம்பித்தாள் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அப்படியில்லை. அவர் இருக்கும்போதே நாய்கள் வந்துவிட்டன. அவர் திட்டிக்கொண்டே அவற்றுக்குத் தண்ணீர் வைப்பார்.

கால்நடை மருத்துவமனையில் வேலை பார்க்கும் காதர் மைதீன்தான் போன் செய்வார். "அக்கா, ஒண்ணு இருக்கு. பத்து நாளைக்குத்தான்." பத்து நாள் என்பது நான்கு மாதமாகும், ஆறு மாதமாகும். காயத்தை ஆற்றி, ஊசி போட்டு, ஒரு வீடு தேடிக் கொடுத்து அனுப்புவாள். பதினோரு வருஷத்தில் நாற்பதுக்கு மேல் அனுப்பியிருக்கிறாள்.

இப்போது வீட்டில் இருப்பது சேமியா மட்டும்தான், நாட்டு நாய். வறுத்த சேமியாவின் நிறம். பைபாஸில் கார் மோதிப் பின்னங்கால் ஒடிந்து, எட்டு மாதத்துக்கு முன் வந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் நொண்டும். கூண்டில் அடைத்தால் சோற்றை முகர்ந்துகூடப் பார்க்காது. அதனால் பர்வதத்தின் சிகிச்சை முடியும்வரை மருத்துவமனைக் கூண்டில் விடலாம் என்று காதர் மைதீன் சொன்ன யோசனை முதல் நாளே செத்துவிட்டது. வீடு கேட்டுப் போன் செய்கிறவர்கள் முதலில் "பொட்டையா?" என்பார்கள். கருத்தடை ஆகிவிட்டது என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்து "நொண்டியா?" வரும். அதற்கப்புறம் பேச்சு நீளாது.

தை மாதம் மட்டும் கதை வேறு. சம்பா அறுப்பு முடிந்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு, எடை போட்டு விற்கும் முறைக்காக நாள்கணக்கில் காத்துக் கிடப்பார்கள். பன்றி வரும், மாடு வரும். குவியலுக்குக் காவலாக நாய் கேட்டு ஆள் வரும். பொட்டையோ நொண்டியோ, குரைத்தால் போதும். நான்கு வருஷத்துக்கு முன் அப்படி ஒருவருக்குக் கறுப்பு நாய் ஒன்றைக் கொடுத்தாள். பங்குனியில் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். காலி சிமென்ட் தளத்தில், குவியல் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் அந்த நாய் படுத்திருந்தது. இறங்கி அழைத்து வந்தாள். அது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

அதிலிருந்து தை மாதம் யார் கேட்டாலும் அவளுக்கு ஒரே பதில்தான்.

"நெல் போட்ட பிறகு வாங்க. அப்பவும் வேணும்னா தர்றேன்."

நான்கு வருஷத்தில் ஒருவரும் திரும்பி வரவில்லை.

இந்தத் தையில் முதலில் வந்தவர் நெல்லுக்கு வரவில்லை. ரகுராமன், சென்னையில் இன்ஜினியராக இருந்து ஓய்வுபெற்றுச் சொந்த ஊருக்கே வந்துவிட்டவர். காரில் வந்தார். பர்வதம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையெல்லாம் கேட்டாள். கட்டிப்போடுவீர்களா, ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள், மழைக்கு எங்கே படுக்கும். பரீட்சைக்குப் படித்துவிட்டு வந்தவர்போல ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். காரில் அவர் மனைவி அம்ருதா இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் வேண்டுமா என்று பர்வதம் கேட்டதற்கு வேண்டாமென்று தலையாட்டினாள்.

ஆறாம் நாள் அதே கார் வந்து நின்றது. "தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. ஆத்துல அவளுக்கு ஒத்துக்கலை" என்றார் ரகுராமன். சேமியா இறங்கி, பழக்கமான இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. அறுவை சிகிச்சைக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

அடுத்து முருகையன். திருப்புறம்பியம் பக்கத்தில் மூன்று ஏக்கர். வேட்டியில் பதர் ஒட்டியிருந்தது.

"களத்துக்காங்க?"

"ஆமாம்மா. ராத்திரி கண்ணசர முடியலை. பன்னி வந்து கிளறிடுது."

அவரிடமும் கேள்விகளைக் கேட்டாள். அவர் பாதிக்கு "பாத்துக்கலாம்மா" என்றார். மீதிக்குத் தலையைச் சொறிந்தார்.

"நெல் போட்ட பிறகு வாங்க."

"நெல்லைப் போட்டபொறவு நாய் எதுக்கும்மா?" என்றவர், என்ன சொல்லிவிட்டோம் என்று அவரே புரிந்துகொண்டு சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கொடுத்துவிட்டுப் போன நம்பரைத் தையல் நோட்டின் ஓரத்தில் எழுதி வைத்தாள்.

அதற்கப்புறம் யாரும் வரவில்லை. கேட்டவர்களையே மறுபடி கேட்டாள். ஜாக்கெட் வாங்க வந்தவர்களிடம் கேட்டாள், பால்காரரிடம் கேட்டாள். தேதிக்கு மூன்று நாள் இருக்கும்போது, காலை நீட்டி வைத்துக்கொண்டு முருகையனுக்குப் போன் செய்தாள்.

"நெல்லைப் போட்டாச்சுங்களா?"

"எங்கம்மா! ஈரப்பதம் இருவது காட்டுது. இன்னும் காயணும். எனக்கு முன்னாடி முப்பது பேரு நிக்கிறாங்க."

பஸ் ஜன்னலில் பார்த்த சிமென்ட் தளம் நினைவில் இருந்தது. முழங்கால் அதைவிடப் பக்கத்தில் இருந்தது.

"சரி, இப்பவே வந்து கூட்டிட்டுப் போங்க" என்றாள். சொன்னதும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். அன்று முழுவதும் நாயின் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை வந்தது முருகையன் அல்ல. ஸ்கூட்டியில் ஒரு பெண், முப்பத்தைந்து வயதிருக்கும்.

"நான் பூவிழி. முருகையன் வீட்டுக்காரி. நாயைக் கூட்டிட்டுப் போக வந்தேன். களத்துக்கு இல்லைக்கா, வீட்டுக்கு."

"அவர் களத்துக்குத்தானே கேட்டார்?"

"அவரு ஆயிரம் கேப்பாரு. போன வருஷம் அறுப்பு நேரத்துல ஒரு வாத்தைப் புடிச்சிட்டு வந்து வளக்கப் போறேன்னாரு."

"இப்ப அது எங்க?"

"தின்னுட்டோம்."

பர்வதம் நாயின் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, நாயைத் திங்க மாட்டோம்க்கா" என்று பூவிழி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு வாசற்படியில் உட்கார்ந்தாள். "நீங்க அவருகிட்ட என்னென்னமோ கேட்டீங்களாமே. அந்த மனுசனுக்கு வீட்ல உப்பு எங்க இருக்குன்னே தெரியாது. சோறு போடப்போறது நானு. என்கிட்ட யாரு கேட்டா?"

காரை விட்டு இறங்காத அம்ருதா பர்வதத்தின் கண்முன் வந்தாள். பதினோரு வருஷமாக, வாசலில் வந்து நின்ற ஆணிடம்தான் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். உள்ளே சோறு வடிக்கிறவளுக்கு நாய் வேண்டுமா என்று ஒருமுறைகூட விசாரித்ததில்லை. ஜாக்கெட் தைக்கப் புருஷனிடமா அளவு கேட்கிறோம்?

"சரி, உங்களுக்கு எதுக்கு நாய்?"

"வீடு வாய்க்கால் ஓரம். அவரு ஒரு மாசமாக் களத்துல படுத்துக் கிடக்காரு. மாமியாருக்குக் காது கேக்காது. நெல்லுக்குக் காவல் வேணும்னு அவருக்குத் தோணிச்சு. எனக்குக் காவல் வேணும்னு அவருக்குத் தோணலை." இதைச் சிரிக்காமல் சொன்னாள்.

"வீட்டுக்குள்ள விடுவீங்களா?"

"மாட்டேன். மாட்டுக் கொட்டாய்ல படுக்கட்டும், ஒழுகாது. கோழி வச்சிருக்கேன். கோழியைத் தொட்டுச்சுன்னா அடிப்பேன், இப்பவே சொல்லிடுறேன்."

"எதால அடிப்பீங்க?"

பூவிழி தன் கையைப் பார்த்தாள். "இதாலதான்."

"கால் நொண்டும். பாத்தீங்களா?"

"எங்க மாமியாரும்தான் நொண்டுறாங்க. ரெண்டு பேரும் எங்க ஓடப் போறாங்க?"

பர்வதம் நினைத்து வைத்திருந்த வீடு இதுவல்ல. ரகுராமனின் பதில்களுக்கு முன் இந்தப் பதில்கள் ஒன்றும் நிற்காது. ஆனால் ஒன்றுகூடப் படித்துவிட்டு வந்து சொன்னதாகத் தெரியவில்லை. அவள் வேறொன்றும் கேட்கவில்லை. கூண்டில் அடைக்கக் கூடாது, வெடிச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் போகும், ஊசி அடுத்தது ஆனியில் என்று மட்டும் சொல்லிக் காகிதத்தைக் கொடுத்தாள்.

சேமியா ஸ்கூட்டியில் ஏற மறுத்தது. இருவரும் சேர்ந்து தூக்கிக் கால் வைக்கும் இடத்தில் உட்கார வைத்தார்கள். குனிந்து எழுந்ததில் பர்வதத்துக்குக் கண்ணில் நீர் முட்டியது, முழங்கால் வலியில். பூவிழி முட்டியால் நாயை அணைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள். சந்து திரும்பும்வரை அது குரைத்தபடியே போனது.

பர்வதம் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, வருவதாக உறுதி சொன்னாள்.

"கூட யாரும்மா தங்குவாங்க? ஒரு ஆள் கட்டாயம் வேணும்" என்றது எதிர்ப்பக்கம்.

அவள் அதை யோசித்திருக்கவே இல்லை. மகன் பெங்களூரில் இருக்கிறான், அடுத்த வாரம்தான் லீவு கிடைக்கும். போனில் இருந்த பெயர்களைத் தள்ளிக்கொண்டே வந்தாள். பாதிப் பேர் நாய் வேண்டாமென்று சொன்னவர்கள். கடைசியில் கீழ்வேளூரில் இருக்கும் நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நாத்தனார் கேட்டாள், "வீட்டுல நாய் இருக்கா?"

"இல்லை."

"ஒண்ணுகூட?"

"ஒண்ணுகூட இல்லை."

"அப்ப வர்றேன்" என்றாள்.