மஞ்சள் பையில் போன ஒன்பது முகங்கள்

விறகுப் புகையும் கனிந்து கறுத்த கதலிப் பழமும் கலந்த ஒரு வாசனை. பஸ்ஸிலோ யாருடைய குசினியிலோ அது மூக்கில் பட்டால் போதும், என் கால் அப்படியே நின்றுவிடும். அம்மாளின் பிள்ளைகளே, அந்த வாசனைக்குள் இருக்கிற மூன்று நாட்களைத்தான் உங்கள் முன்னால் சொல்ல வந்தேன்.

அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. கண்டி டவுனில் கிளார்க் வேலை. கோத்தகிரியிலிருந்து அத்தை வந்திருந்தார், அப்பாவின் தங்கை. தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிய ஒப்பந்தத்தில் பாதிக் குடும்பம் கப்பலேறியபோது போனவர், முப்பது வருஷத்துக்கு அப்புறம் அப்போதுதான் திரும்பி வருகிறார். எட்டூர்ச் சொந்தமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் கூடியது.

அத்தை ஒரு படம் கொண்டுவந்தார். இந்தியாவுக்குப் போகப் பெயர் பதிந்த நாளில், ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வீட்டு வாசலில் எடுத்தது. தாத்தா, பாட்டி, பிள்ளைகள் ஏழு பேர். ஒன்பது பேரும் சேர்ந்து நின்றது அந்த ஒரு தடவைதான். எங்கள் பக்கம் அதற்கு நகல் கிடையாது. அப்பா கண்ணை மூடுகிறவரைக்கும் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"ஸ்டுடியோவுல குடுத்து எல்லாருக்கும் ஒண்ணு எடுத்துக் குடு ராசா. ஆனா போறப்ப இது என் கையில இருக்கணும். என் நெஞ்சுல இதை வச்சுத்தான் என்னைத் தூக்கணும்னு பிள்ளைங்ககிட்ட சொல்லி வச்சிருக்கேன்" என்றார் அத்தை.

வியாழக்கிழமை அவருக்குப் பயணம்.

இனி என் புத்தி போன போக்கைக் கேளுங்கள். அத்தை ஒரு கட்டு மஞ்சள் பையும் கொண்டுவந்திருந்தார், அந்தப் பக்கத்து ஜவுளிக்கடைப் பைகள். படமும் இரண்டு அட்டைக்கு நடுவில் அப்படி ஒரு பையில்தான் இருந்தது. அதை நான் மேசையில் வைத்தேன். சொந்தக்காரரை வெறுங்கையோடு அனுப்புவோமா? என் சம்சாரம் அதே மேசையில் பைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் தேங்காய், கதலிப் பழம், வெற்றிலை பாக்கு போட்டாள். ஹுன்னஸ்கிரிய ஆட்களை பஸ் ஏற்றிவிட்டு நான் திரும்பி வந்தபோது மேசை துடைத்துக் கிடந்தது.

ஒன்பது முகமும் யாரோ ஒருவருடைய தேங்காய்க்கு அடியில்.

படம் எங்கே என்று அத்தை கேட்டார். "ஸ்டுடியோவுல குடுத்திருக்கேன்" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

திங்கட்கிழமை லீவு போட்டேன். மழை. பேராதனையில் மூன்று வீடு. ஹுன்னஸ்கிரியவுக்கு பஸ் ஏறி, லயம் லயமாகப் போனேன். "பையா? அதுல இவ நேத்தே மரக்கறி வாங்கிட்டு வந்துட்டாளே. படம் கிடமெல்லாம் இல்லப்பா." செவ்வாய்க்கிழமை மாத்தளை. எல்லா வீட்டிலும் பையை உதறிக் காட்டினார்கள். பாக்குத் தூள் விழுந்தது. படம் விழவில்லை. என் பட்டியலில் இருந்த கடைசிப் பேரையும் அடித்துவிட்டேன்.

அன்று பின்னேரம் நனைந்தபடியே நம் அம்மாள் கோயிலுக்குள் போனேன். பூசை முடிந்து ஐயர் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார். தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "தாயே, பொய் சொல்லிட்டேன். அந்த மனுஷி நெஞ்சுல வைக்க வேண்டியதைத் தொலைச்சிட்டேன். எங்க தேடணும்னு எனக்குத் தெரியல. நீ காட்டு." அவ்வளவுதான் கேட்டேன். வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்தேன். சம்சாரம் துவாயை நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது.

"என்னங்க... கோவிச்சுக்காதீங்க. நீங்க பஸ் ஏத்திவிடப் போனப்ப தம்பி வந்தாரு."

எட்டு வருஷமாக என் வீட்டில் என் தம்பி பேரை யாரும் எடுப்பதில்லை. அப்பா இறந்தபோது அவரை ஹந்தானை மண்ணில் புதைக்க வேண்டும் என்று அவன் சொன்னான். நான் கேட்கவில்லை, டவுனில் எரித்தேன். அன்றைக்கு அறுந்த பேச்சு. விருந்துக்கும் நான் அவனை அழைக்கவில்லை.

"அத்தையைப் பார்க்க வந்தாரு. தண்ணி கூடக் குடிக்கல. கிளம்புறப்ப அத்தைதான் மேசையில இருந்து ஒரு பையை எடுத்து அவர் கையில திணிச்சாங்க."

மூன்று நாளாக அவள் வாயைக் கட்டியது என் கோபம். அதைத் திறந்தது யார்? நான் வேறு பதில் தேட மாட்டேன்.

புதன்கிழமை விடியலில் ஹந்தானை ஏறினேன். அப்பா இருந்த அதே லயத்தில்தான் தம்பி. கதவைத் திறந்தவன் என்னைப் பார்த்து ஒதுங்கி நின்றான். உள்ளே புகை. அடுப்புக்கு மேலே ஆணியில் தொங்கியது மஞ்சள் பை. முடிச்சு அவிழ்க்காமல்.

"நீ திறக்கலயா?"

"உங்க வீட்டுச் சாமான், அதான் திறக்கல. அத்தை கையால வாங்கினது, வீசவும் மனசு வரல."

அவிழ்த்தேன். கதலி கறுத்து நீர் விட்டிருந்தது. அட்டைக்குள் ஒன்பது பேரும் முகம் நனையாமல் நின்றார்கள். ஓரத்தில் மட்டும் நகத்தளவு கறை. அந்த மழையில் மற்ற வீடுகளில் முன்பே நனைந்த பைகளைப் பார்த்தவன் நான். இங்கே அடுப்புச் சூடு படத்தைக் காத்தது. அதைத் திறக்கவிடாமல் தம்பியின் கோபம் காத்தது. கோபத்தையும் காவலுக்கு வைக்கத் தெரிந்தவள் நம் தாய்.

தம்பி படத்தை வாங்கி வாசலுக்குப் போனான். படத்தையும் கதவு நிலையையும் மாறி மாறிப் பார்த்தான். "அண்ணே, இந்த வாசல்தான்" என்றான். எட்டு வருஷத்தில் முதல் அண்ணே. அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அன்று பின்னேரமே ஸ்டுடியோவில் நகல் எடுத்தோம், கறையோடுதான். இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் எல்லாச் சுவரிலும் அந்தக் கறை உண்டு. அத்தை படத்தை வாங்கி முகத்தருகே கொண்டுபோனார். "ஏண்டா, உங்க ஊரு ஸ்டுடியோக்காரன் வாழைப்பழத்துலயா படம் கழுவுறான்?" தம்பி சிரித்துவிட்டான். நான் எல்லாவற்றையும் சொல்லிக் காலில் விழுந்தேன்.

இப்போது அப்பாவின் திதியை ஹந்தானையில் இருவரும் சேர்ந்து செய்கிறோம். பொய் சொல்ல வாயெடுத்தால் அந்த மழை ஞாபகம் வருகிறது. தாயே, உனக்கு என்ன செய்து தீர்ப்பேன்! உங்களில் யாராவது எதையாவது தொலைத்துவிட்டுத் தவித்தால், தூணைப் பிடித்துக்கொண்டாவது அவளிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, இனிப் போகவே மாட்டேன் என்று நீங்கள் ஒதுக்கி வைத்திருக்கிற வீட்டுக்கு ஒரு நடை போய் வாருங்கள்.

அந்த வியாழக்கிழமை காலை, கண்டி ஸ்டேஷன். தம்பியும் நானும் ஒரு ஆள் இடைவெளி விட்டு நின்றோம், இன்னும் பழக்கம் வரவில்லை. அத்தை ஜன்னலோரம், படம் மடியில். ரயில் அசைந்ததும் தலையை வெளியே நீட்டி, எங்களைப் பார்த்துச் சத்தம் போட்டார்:

"டேய், ரெண்டு பேரும் ஒரே பஸ்ல ஏறிப் போங்கடா!"