ஒன்றரை எம்.எம். அலுமினியம்

மந்தைவெளி பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில் காஸ்பரின் பட்டறை இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. ஷட்டரின் மேல் பெயின்டில் ஒரு போன் நம்பர் மட்டும் எழுதியிருக்கும். அதுவும் காஸ்பருடைய நம்பர் இல்லை, அவர் மனைவி ஜொவிட்டாவுடையது. கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி என்று யார் எதைக் கேட்டு அழைத்தாலும் பேசுகிறவள் அவள்தான். அளவெடுக்கப் போவதும் சரக்கு எடுத்து வருவதும் அவள்தான். வெல்டிங்குக்குத் தங்கவேல் இருந்தான், வெகுகாலமாக.

அந்தப் பட்டறையில் முன்பு ஜொவிட்டா தொடாத சாமான் ஒன்றே ஒன்று, பிளாஸ்மா கட்டர். அழுத்திய காற்றுக்குள் மின்சாரத்தைப் பாய்ச்சி, ஊசிமுனை அளவுக்கு ஒரு நெருப்பை உண்டாக்கி, அதை வைத்துத் தகட்டை அறுக்கிற இயந்திரம். நெருப்பு வரும் அதன் டார்ச்சைப் பிடித்தவர் காஸ்பர் மட்டுமே. தங்கவேலும் அந்தப் பக்கம் போனதில்லை.

சென்ற தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாந்தோம் கோவிலில் பூசை முடிந்து ஸ்கூட்டரைக் கிளப்பும்போது காஸ்பரின் வலது கை ஆக்ஸிலேட்டரைப் பிடிக்கவில்லை. பிடித்துவிட்டதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். பின்னால் உட்கார்ந்திருந்த ஜொவிட்டா, கை தொங்குவதைப் பார்த்து இறங்கி, போகிற ஆட்டோவை மறித்தாள். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு. சீக்கிரம் கொண்டுவந்ததால் உயிருக்கு மோசமில்லை என்று மருத்துவமனையில் சொன்னார்கள். வலது பக்கம் பலம் குறைந்தது. பேச்சு போயிற்று.

பேச்சு மெல்லத் திரும்பியது. முதலில் "ஜொவி" என்ற ஒரு சொல். பிறகு தண்ணீர், ஃபேன், வேண்டாம். மழைக்காலம் தொடங்குவதற்குள் சின்னச் சின்ன வாக்கியங்களாகப் பேசினார். கையில் கோலுடன் பட்டறைக்கு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவும் ஆரம்பித்தார்.

அப்போதுதான் ஸ்ரீரஞ்சனியின் அழைப்பு வந்தது. தி. நகரில் அலுவலகம் வைத்திருக்கும் கட்டட வடிவமைப்பாளர். அடையாறில் ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். அதன் மாடிப்படிச் சுவர்களில் காற்றுக்காக விட்டிருந்த திறப்புகளுக்கு இலை வடிவம் வெட்டிய அலுமினியத் தகடு போட வேண்டும். வெளிச்சம் வர வேண்டும், புறா வரக் கூடாது.

"லேசர்ல குடுக்கலாம்னா டிராயிங் கேக்கறா. இங்க ஒவ்வொரு ஓட்டையும் ஒவ்வொரு ஷேப்புல இருக்கு. நேர்ல அளவெடுத்துக் கையாலயே வெட்டினாத்தான் சரியா வரும். உங்களால முடியுமா?"

"பண்ணிடலாம் மேடம்" என்றாள் ஜொவிட்டா.

யோசித்துச் சொன்ன பதில் இல்லை. ஏழெட்டு மாதமாக "அவருக்கு உடம்பு சரியில்லை" என்று போனில் சொல்லிச் சொல்லி அந்த வாக்கியமே அவளுக்கு அலுத்துவிட்டிருந்தது.

தகடு ஒன்றரை எம்.எம். கனம். ஒரு துண்டை மேசையில் வைத்து இறுக்கிவிட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, கணவர் பக்கம் திரும்பினாள்.

"எவ்ளோ ஆம்பியர் வெக்கட்டும்?"

"நாப்பது" என்றார் காஸ்பர், தயக்கமில்லாமல்.

நாற்பதில் வைத்து டார்ச்சை அழுத்தினாள். தகடு அறுபடவில்லை, உருகி வழிந்தது. கோடு போக வேண்டிய இடத்தில் விரல் நுழையும் அளவுக்குப் பிளவு. இரண்டு பக்கமும் தகடு எழும்பி நின்றது.

தங்கவேல் எட்டிப் பார்த்தான். "இன்னாக்கா இது, அப்பளம் பொரிச்சா மாரி கீது?"

"நாப்பது!" என்று காஸ்பர் கத்தினார். கோலைத் தரையில் தட்டினார். "நாப்பது வை!"

"நாப்பதுலதாங்க இருக்கு."

அவர் தலையை வேகமாக ஆட்டினார். தன் கை ஓட்டம் சரியில்லை போலிருக்கிறது, தப்பு தன்னுடையதுதான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் அதே நாற்பதில் வைத்து அறுத்துப் பார்த்தாள். மூலையில் பாழான துண்டுகள் குவிந்தன. காஸ்பருக்குக் கோபம் ஏறிக்கொண்டே போனது. சொன்னதைச் செய்யாமல் இவள் வேண்டுமென்றே ஏதோ செய்கிறாள் என்பது போல அவளைப் பார்த்தார்.

அந்த வாரத்தில் ஒரு காலை, வீட்டில் தட்டு வைத்தபடி கேட்டாள்: "எத்தனை இட்லி வெக்கட்டும்?"

"நாப்பது."

ஜொவிட்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காஸ்பருக்குக் காரணம் புரியவில்லை. இடது கையின் மூன்று விரல்களைக் காட்டி, "நாப்பது" என்றார் மறுபடி, பொறுமையாக.

அவள் சிரிப்பை நிறுத்தினாள். "நமக்குக் கல்யாணம் ஆகி எத்தனை வருஷம்?"

"நாப்பது" என்றார். சொன்ன பிறகு முகம் மாறியது. இந்த முறை தன் குரல் அவருக்கே கேட்டுவிட்டது. உதடுகள் வேறொரு சொல்லைத் தேடி அசைந்தன. வந்தது அதே சொல்தான். தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மூளைக்குள் சரியான எண் இருந்தது. வாயில் அது வேறாக வந்தது. எத்தனை நாளாக இப்படி என்று இருவருக்கும் தெரியாது. ஜொவிட்டா மூன்று இட்லியை வைத்து, சட்னியை ஊற்றினாள்.

பட்டறையில் அன்று அவள் எண்ணைக் கேட்கவில்லை. அவருடைய இடது கையைப் பிடித்து இயந்திரத்தின் ஆம்பியர் குமிழ்மேல் வைத்தாள்.

"நீங்களே திருப்புங்க."

குமிழ் முப்பதுக்குச் சற்று முன்னால் போய் நின்றது. அறுத்தாள். கோடு கோடாகவே விழுந்தது. தங்கவேல் "அப்டிப் போடு" என்றான். ஆனால் விளிம்பு சரியில்லை. கறுத்துப்போய், சர்க்கரை ஒட்டியது போலச் சொரசொரவென்று இருந்தது. நெருப்பு நடுநடுவே துப்பியது. காஸ்பர் டார்ச்சின் முனையைக் காட்டி மாற்றச் சொன்னார். புது முனை போட்டாள். அப்படியேதான் வந்தது. அவருக்கும் புரியவில்லை.

வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. மதியம் ஜொவிட்டா நெருப்பில்லாமல் காற்றை மட்டும் திறந்து, டார்ச்சின் முனையைத் தன் உள்ளங்கைக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். கை ஈரமானது. காற்று வரும் வழியைப் பின்பக்கமாகத் தேடிக்கொண்டே போய், காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸர் தொட்டியின் அடியில் இருந்த சின்ன வால்வைத் திறந்தாள். செம்மண் நிறத்தில் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. நிற்கவே இல்லை.

தங்கவேல் நாக்கைக் கடித்துக்கொண்டான். "அண்ணன் தெனிக்கும் காலீல வந்ததும் அத்த தொறந்து உட்டுட்டுத்தான் மத்த வேலயே பாப்பாரு. நான் அத்த கவனிக்கவே இல்லக்கா."

காஸ்பர் இடது கையால் நெற்றியில் அடித்துக்கொண்டார். பல் தேய்ப்பது போலத் தினமும் செய்த காரியம். இயந்திரத்தைப் பற்றி யோசித்தபோது அது அவர் ஞாபகத்திலேயே வரவில்லை.

தண்ணீர் போனதும் விளிம்பு வெள்ளையாக வந்தது. மீதி இருந்தது வேகம். இரும்பு சூடானால் சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் நிறமே மாறாது, திடீரென்று உருகி விழும். அதனால் பயந்து நிதானமாகப் போனால்தான் கெடும். ஜொவிட்டா தன் தைரியத்துக்கு மீறிய வேகத்தில் கையை ஓட்டிப் பார்த்தாள். தகட்டுக்கு அடியில் பொறிகள் நேராக இறங்கிச் சற்றே பின்னால் சாய்ந்தால் சரி, மேல்பக்கமாகத் தெறித்தால் வேகம் அளவு மீறிவிட்டது என்று கண்டுகொண்டாள். இன்னும் சின்ன துளையுள்ள முனையைப் போட்டு ஆம்பியரை இருபதுக்குப் பக்கத்தில் இறக்கினாள். வெட்டு மெல்லியதாக வந்தது, தகடு வளையவில்லை.

காஸ்பர் எழுந்து வந்து குமிழைப் பழைய இடத்துக்குத் திருப்பினார்.

"எனக்கு இதுலதாங்க நல்லா வருது" என்று அவள் திரும்பக் குறைத்தாள்.

"தப்பு." மறுபடி ஏற்றினார்.

"வெட்டினதைப் பாத்துட்டுச் சொல்லுங்களேன்."

அவர் பார்க்கவில்லை. டார்ச்சை அவள் கையிலிருந்து வாங்கினார். வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஓர் இலையை வெட்ட ஆரம்பித்தார். பாதி இலை வரை கோடு ஒழுங்காகப் போயிற்று. பிறகு கை தன்பாட்டுக்கு விலகி, தகட்டின் குறுக்கே ஒரு நீண்ட கீறலைப் போட்டுவிட்டது. டார்ச்சை மேசையில் வைத்தார். கோலை எடுத்துக்கொண்டு வெளியே போனார். தங்கவேல் பின்னாலேயே ஓடி அவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்தான்.

அதன் பிறகு அவர் பட்டறைக்கு வரவில்லை. மாலையில் கோவிலுக்குப் பின்னால் கடற்கரையில் போய் உட்கார்ந்திருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். வீட்டில் இருவரும் சாப்பாடு, மருந்து பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள். ஜொவிட்டா அவரைக் கூப்பிடவில்லை. அவர் இல்லாத பட்டறையில் வேலை தடையில்லாமல் ஓடியது. அது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அப்படி இருந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை.

அடையாறுக்குப் போய் ஒவ்வொரு திறப்பின் மீதும் அட்டையை வைத்து வரைந்து வந்தாள். இலைகளை வரிசையாக வெட்டினால் சூடு ஒரே பக்கம் சேர்ந்து தகடு வில்லாக வளைந்தது. ஒன்றை இந்த மூலையில், அடுத்ததை அந்த மூலையில் என்று தாவித் தாவி வெட்டினாள். அப்படியும் ஒரு தகடு வளைந்துதான் போயிற்று. அதை ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கினாள்.

ஒரு நாள் மழை விட்டிருந்தது. மதிய உணவு நேரத்துக்கு முன்பு காஸ்பர் வாசலில் நின்றார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"ஆட்டோலயா வந்தீங்க?"

"நடந்து."

சாந்தோமில் இருக்கும் வீட்டிலிருந்து அவ்வளவு தூரம் அவர் நடப்பது நோய்க்குப் பிறகு அதுவே முதல் தடவை. சுவரில் சாய்த்திருந்த தகடுகளின் பக்கம் போனார். இலைகளின் விளிம்பில் கட்டை விரலை ஓட்டினார். ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தார். பிறகு ஒரு தகட்டின் மூலையில் திருகுக்காகப் போட்டிருந்த வட்டத் துளையைத் தொட்டு, வேண்டாம் என்று தலையாட்டினார்.

"வெயில்" என்றார். இரண்டு கைகளையும் அகட்டிக் காட்டினார். "நீளும். இடம் விடு." சாக்பீஸை எடுத்து அந்த வட்டத்தின் மேல் நீளவாக்கில் ஒரு துளையை வரைந்தார்.

ஜொவிட்டாவுக்குப் புரிந்தது. சுவரில் இறுக்கித் திருகிவிட்டால் சித்திரை வெயிலில் அலுமினியம் நீண்டு, நகர இடமில்லாமல் வயிறு தள்ளிக்கொள்ளும். அவள் அதை நினைத்தே பார்க்கவில்லை.

"எல்லாத்துலயும் மாத்தணுமா?"

"எல்லாம்."

தங்கவேல் டிரில் எடுத்து வந்தான். காஸ்பர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு மூலையிலும் கோடு போட்டுத் தந்தார். கோடுகள் கோணலாகத்தான் இருந்தன. ஜொவிட்டா ஸ்கேல் வைத்து அவற்றை நேராக்கினாள். அதற்கு அவர் ஆட்சேபம் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்பே தகடுகளை மாட்டிவிட்டார்கள். ஒன்றிரண்டைத் திரும்பக் கொண்டுவந்து ஓரம் ராவ வேண்டியிருந்தது. முதல் மாடியில் இருப்பவர் ஒருவர் வெளிச்சம் குறைந்துவிட்டது என்று குறை சொன்னார். ஸ்ரீரஞ்சனி மாடிப்படியில் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, பெசன்ட் நகரில் இன்னொரு வீடு இருக்கிறது, பொங்கல் கழித்துப் பேசலாம் என்றார்.

காஸ்பருக்கு எண்கள் இன்னும் சரியாக வரவில்லை. பேச்சுப் பயிற்சி தருகிறவர் காலமாகும் என்கிறார், எவ்வளவு என்று சொல்வதில்லை. வலது கையில் கொஞ்சம் பிடி வந்திருக்கிறது. கனமான இரும்புத் தகட்டுக்கு டார்ச் மெதுவாகத்தான் போக வேண்டும். கைக்கு ஒரு சட்டத்தை முட்டுக் கொடுத்தால் அவரால் அறுக்க முடிகிறது. ஆகவே இரும்பு அவர் பங்கு, மெல்லிய அலுமினியம் ஜொவிட்டாவின் பங்கு என்று ஆகிவிட்டது. ஒருவர் முடித்து இன்னொருவர் வரும்போது குமிழைத் தங்கள் இடத்துக்குத் திருப்பிக்கொள்கிறார்கள். அலுமினியத்துக்கு அவள் வைக்கிற ஆம்பியர் குறைவு என்றுதான் காஸ்பர் இப்போதும் சொல்கிறார்.