மதுரைக்குத் திரும்பாத பந்து

பாளையங்கோட்டையில் என் டீக்கடைக்கு எதிரே இருந்த கல்லூரியின் விளையாட்டு ஆசிரியர் அவர். வெயிலில் கறுத்த நெட்டை உருவம். பேசும்போதும் கழுத்தில் தொங்கும் விசிலை விரலால் உருட்டிக்கொண்டே இருப்பார்.

ஆண்டுதோறும் வாலிபால் இறுதி ஆட்டத்தில் மதுரைக் கல்லூரி ஒன்றிடம் இவர் அணி தோற்கும். தோற்றவர்கள் பந்தைக் கொண்டுபோய் வைத்திருந்து, மறுவருடம் அந்த ஆட்டத்துக்கு எடுத்துவர வேண்டும். அது அந்த இரண்டு கல்லூரிகளின் வழக்கம். ஒருமுறையாவது பந்தை மதுரைக்காரர்கள் சுமந்துபோக வேண்டும் என்பதுதான் இவர் ஆசை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கத்துக் கல்லூரிகளை மதுரைப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரித்துப் புதிய பல்கலைக்கழகத்தில் சேர்த்தார்கள். மதுரையோடு ஆட்டம் நின்றுபோனது.

"நல்லதுதான சார், இனி தோக்க வேண்டாம்லா!" என்றார் கடையில் இருந்த ஆட்டோக்காரர். ஆசிரியர் சிரிக்கவில்லை.

அந்த வருடம் புதிய போட்டியில் இவர் அணிதான் கோப்பை வாங்கியது. மாணவர்கள் என் கடை வாசலில் வெடி போட்டார்கள். அவரோ பக்கத்துச் சைக்கிள் கடையில், மதுரையிடம் கடைசியாகத் தோற்றுக் கொண்டுவந்த பழைய பந்துக்குக் காற்றடித்துக்கொண்டு, டீ குடிக்க வந்தார்.

நான் அதிகம் பேசாதவன். அன்று சொல்லிவிட்டேன். "ஒருநா பஸ் ஏறிப் போயி பந்தைக் குடுத்துட்டு வந்திருங்களேன் சார்."

"ஆட்டம் இல்லாம பந்தை மட்டும் கொண்டு போனா, செத்த வீட்டுக்குத் துட்டி கேக்கப் போன மாதிரில்லா இருக்கும் அண்ணாச்சி."

டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுவாரமும் காற்றடிக்க வந்தார். ஆடப்போகாத பந்துக்கு எதற்கு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.