வேலிக்கு இரண்டு பக்கமும் கல்மழை

இன்று மத்தியானம் தகரக் கூரைமேல் கல்மழை விழுந்தது. சத்தம் கேட்டதும் எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது.

தொம்மலூரில் அப்பா திராட்சை போட்டிருந்தார். அப்போது எனக்கு எட்டு வயது. பக்கத்துத் தோட்டத்து முனுசாமி ஒருநாள் எங்களுக்கு வரும் வாய்க்காலை அடைத்துவிட்டார். அப்பா சண்டைக்குப் போகவில்லை. சாயங்கால ஜெபத்தில் நியாயத்தீர்ப்பைப் பற்றித் தீர்க்கதரிசி சொன்னதை பைபிளிலிருந்து வாசித்துவிட்டு, "கல்மழையும் உமக்குக் கீழ்ப்படியுமே ஆண்டவரே, அதை அவன் பந்தல்மேல் அனுப்பும்" என்று சத்தமாக வேண்டினார். நாங்களும் ஆமென் சொன்னோம்.

மூன்றாம் நாள் கல்மழை வந்தது. பழுக்க இருந்த குலைகள் இரண்டு தோட்டத்திலும் சேற்றில் கிடந்தன. அப்பா வேலியோரம் போய், "முனுசாமி, நான்தாம்ப்பா இதைக் கேட்டேன்" என்றார்.

முனுசாமி நனைந்த துண்டைப் பிழிந்தபடி சிரித்தார். "இன்னாண்ணா நீ, மேலேர்ந்து பாத்தா உங்க சாமிக்கு வேலி தெரியுமா? அடுத்த தபா நல்ல மழையா கேளுண்ணா."

அப்பா சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் வாய்விட்டு ஜெபித்து நான் கேட்டதில்லை. பல வருஷம் கழித்து அவர் சாகக் கிடந்தபோது, "இன்னும் கொஞ்ச நாள் குடுக்கச் சொல்லி ஆண்டவர்கிட்ட கேளுங்களேன்" என்று அம்மா அழுதாள். அப்பா உதட்டை இறுக மூடிக்கொண்டார்.