ஓரகத்தியின் முட்டைக்கோஸ் சரிவு

என் ஓரகத்திக்குக் குடியுரிமைக்கான நீல ஐசி அட்டை கிடைத்த அன்று நான் தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். இருவரும் ஒரே தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள். அவள் அப்பா பிறப்பைப் பதிந்து வைத்திருந்தார், என் அப்பா பதியவில்லை. அதனால் அவள் குடிமகள் ஆனாள். நான் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு ஐசியோடு, பிறந்த தோட்டத்திலேயே வேலை செய்ய பெர்மிட் கேட்டு நின்றேன்.

எழுபதுகளின் கடைசியில், கியா பார்ம் பக்கம் ஒரு மலைச்சரிவில் காய்கறி போட அவர்களுக்கு லைசென்ஸ் கிடைத்தது. காட்டை வெட்டி முட்டைக்கோஸ் போட்டார்கள். லோரி வாங்கினார்கள். கொழுந்து கிள்ளும்போதெல்லாம் என் கண் அந்தச் சரிவுக்கே போகும்.

மழை பெய்தால் அங்கிருந்த மண் எங்கள் ஓடையில் இறங்கியது. நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்கு அதுதான் குடிதண்ணீர். ஒருநாள் நேரில் போய்ச் சொன்னேன்.

“அக்கா, தண்ணி சேறா வருது. பிள்ளைங்களுக்கு வயித்தால போவுது லா.”

“நாங்க மட்டுமா வெட்டுறோம்? சுத்திப் பாருடி. டவுன்ல சனம் பெருகிக்கிட்டே போவுது, எல்லாருக்கும் காய்கறி வேணாமா?” என்றவள், இரண்டு முட்டைக்கோஸைப் பையில் போட்டு நீட்டினாள். அவள் கொடுக்கிற இடத்திலும் நான் வாங்குகிற இடத்திலும் நின்றதுதான் சேற்றைவிட என்னை எரித்தது.

மறுவாரம் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியிடம் சொல்லி அரசாங்கத்துக்கு மலாயில் ஒரு மனு எழுத வைத்தேன். ஓடையைப் பற்றிச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “பெர்மிட் இல்லாத இந்தோனேசியா ஆளுங்களை வச்சிருக்காங்க, அதையும் எழுதுங்க” என்றேன்.

அதிகாரிகள் வந்தார்கள். இரண்டு ஆண்களையும் ஒரு பெண்ணையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். ஓடையில் துணி துவைக்கும்போது என்னை ‘காக்கா’ என்று அக்கா முறை வைத்துக் கூப்பிடுவாள். கையில் ஒட்டிய மண்ணைக் கழுவக்கூட அவளை விடவில்லை என்றார்கள். சரிந்து கிடந்த மண்ணை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

அன்று மாலை ஓரகத்தி அழுதுகொண்டே என் வீட்டுக்கு வந்தாள்.

“எந்தப் பாவி போட்டுக் கொடுத்தானோ தெரியல. கோஸ் வெட்டுறதுக்கு ஆளே இல்லடி. லீவு போட்டு ஒரு வாரம் கை கொடுக்குறியா?”

போனேன். அந்தப் பெண் விட்டுப்போன கத்தியால், அவள் விட்ட வரிசையிலிருந்து வெட்டினேன். குளிருக்கு ஓரகத்தி தன் ஸ்வெட்டரைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டாள். அடுத்த மாதமே வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். ஓடை தெளியவில்லை, தோட்டத்தில் வேறு ஊற்றிலிருந்து எங்களுக்குக் குழாய் போட்டார்கள்.

மனு போட்டது நான்தான் என்று இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் மன்னித்துவிடுவாள். அந்த நல்ல பெயரும் அவளுக்கே போய்ச் சேருவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.